கோனியோ எல்லை தாண்டவில்லை: சி மொழிப் பிரீபிராசசரின் பிழைச்செய்திகளைப் படிக்கும் வழி

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் எழுதிய நிரலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் எல்லை தாண்டிக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்தாள் என் மாணவி ஒருத்தி. கல்லூரிக் கணினியில் பிசகில்லாமல் ஓடிய நிரல் அது. என் மேசையில் இருக்கும் லினக்ஸ் கணினியில் போட்டதும் இரண்டே வரியில் திரும்பி வந்தது:

கணக்கு.சி:2:10: ஃபேட்டல் எரர்: கோனியோ.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி
கம்பைலேஷன் டெர்மினேட்டட்.

“சார், காலேஜில் ஓடியதே! உங்கள் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு” என்றாள். கூட வந்திருந்த அவளுடைய அப்பா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “டைரக்டரி என்றால் டெலிபோன் டைரக்டரியா?” என்று கேட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அப்பாவின் கேள்விதான் பிடித்திருந்தது. செய்தியில் இருந்த ஒரு சொல்லையாவது அவர் படித்திருந்தார். மகள் எதையுமே படிக்கவில்லை. எரர் என்ற சொல்லைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த வட்டாரத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டுச் சி மொழிக்கு வரும் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆங்கிலம்தான் தடை என்று அவர்கள் நினைக்கிறார்கள். நிரலை முதலில் கையில் எடுத்துத் தயார்செய்யும் பிரீபிராசசர் சொல்லும் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை இருபது முப்பது சொற்கள்தான். அவற்றைவிட, பேசுவது யார், அதற்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் செய்திகளையும் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். மேக்ரோவுக்கும் (பிரீபிராசசர் வேறு உரையாக மாற்றிவைக்கும் சொல்) மாறிக்கும் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி என்ற கம்பைலர் 10ஆம் பதிப்பிலிருந்து அதை ஏற்றுக்கொள்கிறது. நான் சொல்லும் செய்திகள் எல்லாம் ஜிசிசி தருபவை. வேறு கம்பைலரில் சொற்கள் கொஞ்சம் மாறும்.

பேசுவது யார்?

நீங்கள் ஜிசிசி என்று ஒரு கட்டளை கொடுத்தாலும் உள்ளே முக்கியமாக மூன்று பேர் வரிசையாக வேலை செய்கிறார்கள். முதலில் வருவது பிரீபிராசசர். # குறியில் தொடங்கும் வரிகள் இதன் பொறுப்பு: கேட்ட கோப்பைக் கொண்டுவந்து ஒட்டும், சொல்லுக்குப் பதில் சொல் வைக்கும், வேண்டாத பகுதியை வெட்டி எறியும். அது தந்த உரையைக் கம்பைலர் வாங்கி, சி இலக்கணப்படி சரிதானா என்று பார்க்கும். கடைசியில் வரும் லிங்கர் துண்டுகளை ஒன்றாகக் கோக்கும்.

மூவரின் பேச்சையும் எங்கள் மாணவியின் நிரலிலேயே கேட்கலாம். கோனியோ.எச் என்பது டாஸ் காலத்து டர்போ சி போன்ற கம்பைலர்களோடு வந்த கோப்பு. சி மொழியின் தரநிலையில் அது கிடையாது, லினக்ஸ் ஜிசிசியோடும் வராது. நம் கல்லூரிகள் பலவற்றில் நீலத் திரை டர்போ சி நெடுங்காலம் கோலோச்சியதால் பிள்ளைகள் அதைச் சி மொழியின் உறுப்பு என்றே நம்புகிறார்கள். கேரள அரசுப் பள்ளிகளிலோ ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் நாளிலிருந்து லினக்ஸ் புழங்குகிறது. ஆகவே எல்லையின் ஒரு பக்கம் எழுதிய நிரல் மறு பக்கம் நின்றுபோவது எங்கள் ஊரில் வாடிக்கை.

மேலே வந்த செய்தி பிரீபிராசசருடையது. கேட்ட கோப்பு கிடைக்கவில்லை, இதற்கு மேல் போக முடியாது என்கிறது. ஃபேட்டல் என்றால் அதுதான்: மீதி நிரலைப் பார்க்கவே இல்லை. அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். இப்போது கம்பைலர் வாயைத் திறந்தது: கிளியர்ஸ்கிரீன் என்று அவள் எழுதியிருந்த கட்டளை அறிவிக்கப்படவில்லை என்றது. எங்கள் கணினியில் பழைய ஜிசிசி என்பதால் அதை எச்சரிக்கையாகச் சொல்லி விட்டுவிட்டது. புதிய பதிப்புகளில் அதுவே எரர். அடுத்து லிங்கர், அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்றது, அதாவது இந்தப் பெயரில் ஒன்றை எங்கே தேடியும் காணவில்லை என்று. ஒரே தவறுதான், மூன்று வாய்கள். அந்தக் கட்டளையையும் எடுத்ததும் நிரல் ஓடியது.

பிரீபிராசசரின் பேச்சை எப்படி அடையாளம் காண்பது? செய்தியில் # குறியோடு ஒரு சொல், மேக்ரோ என்ற சொல், டைரக்டிவ் என்ற சொல், அல்லது .எச் என்று முடியும் கோப்பின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

விலாசத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு செய்தியின் முன்னும் விலாசம் உண்டு. கணக்கு.சி:2:10 என்றால் கணக்கு.சி கோப்பு, 2ஆம் வரி, 10ஆம் எழுத்து. அங்கே போய்ப் பாருங்கள். சில நேரம் விலாசத்துக்கு மேல் இன் ஃபைல் இன்க்ளூடட் ஃப்ரம் என்று ஒரு வரி இருக்கும். தவறு இன்னொரு கோப்பில் இருக்கிறது, இந்தக் கோப்பு அதை அழைத்து வந்தது என்று பொருள். பிள்ளைகள் முதலில் கண்ணில் பட்ட கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விழிப்பார்கள். எரர் என்ற சொல் இருக்கும் வரியின் விலாசம்தான் நமக்கு வேண்டியது.

முப்பது செய்திகள் வந்தாலும் முதல் செய்தியை மட்டும் படித்து, அதைச் சரிசெய்து, திரும்ப ஓட்டுங்கள். மீதி இருபத்தொன்பதும் பெரும்பாலும் முதலாவதின் பிள்ளைகள்.

அதற்குச் சி தெரியாது

பிரீபிராசசர் சி மொழியோடு கூடப் பிறந்தது அல்ல. 1972, 73 வாக்கில் ஆலன் ஸ்னைடர் வலியுறுத்தியதும் ஒரு காரணமாக அது சேர்க்கப்பட்டது. முதலில் கோப்பை ஒட்டவும் எளிய சொல்லை மாற்றவும் மட்டுமே தெரியும். வாதங்கள் (அழைக்கும்போது அடைப்புக்குறிக்குள் தருபவை) கொண்ட மேக்ரோக்களும் நிபந்தனைகளும் பின்னர் மைக் லெஸ்க், ஜான் ரைசர் கைவண்ணத்தில் வந்தன. சில ஆண்டுகள் வரை, நிரலின் தொடக்கத்தில் தனி அடையாளம் வைத்தால்தான் அதை அழைக்கவே செய்வார்கள். ஒட்டுத் திண்ணையாக வந்ததால்தான் அதற்கு இன்றும் வீட்டுக்குள் நடப்பது தெரியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை வெள்ளத்தை வைத்துச் சொல்வேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். மலையாளம் கலந்த ஒரு கடிதத்தைத் தமிழாக்க, வெள்ளம் என்று வரும் இடமெல்லாம் தண்ணீர் என்று போடு என ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். “குடிக்க வெள்ளம் கொடு” சரியாக மாறிவிடும். “ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் போயிற்று” என்ற தமிழ் வரியும் கூடவே மாறிவிடும். சொன்னதைத்தான் செய்தார், பொருளைப் பார்ப்பது அவர் வேலை இல்லை. மேக்ரோவும் அப்படியே. மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் கருத்துரைகளையும் மட்டும் தொடாது.

மேக்ரோவை வரையறுக்கும் கட்டளை #டிஃபைன். இப்போது இந்த வரிகளைப் பாருங்கள்:

#டிஃபைன் குலை 10;
இன்ட் தேங்காய்[குலை];

கம்பைலர் எக்ஸ்பெக்டெட் ] பிஃபோர் ; டோக்கன் என்கிறது. அரைப்புள்ளிக்கு முன்னால் ] வரும் என்று எதிர்பார்த்தேன் என்று பொருள். டோக்கன் என்றதும் ரேஷன் கடை நினைவுக்கு வரும். இங்கே அது உரையின் ஓர் அலகு, ஒரு சொல்லோ குறியோ. இரண்டாம் வரியில்தான் ] ஒழுங்காக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் செய்தி காட்டுவது முதல் வரியை. அரைப்புள்ளி அங்கேதான் குடியிருக்கிறது. குலை என்ற சொல்லோடு சேர்ந்து அதுவும் போய் ஒட்டிக்கொண்டது. செய்திக்குக் கீழே இன் எக்ஸ்பேன்ஷன் ஆஃப் மேக்ரோ என்று ஒரு நோட் வரும். ஒட்டிய இடம் அது. #டிஃபைன் வரியின் முடிவில் அரைப்புள்ளி வைக்காதீர்கள்.

இன்னொன்று, இடைவெளி. சதுரம்(அ) என்று ஒட்டி எழுதினால் அது வாதம் கொண்ட மேக்ரோ. சதுரம் (அ) என்று நடுவில் இடம் விட்டால் சதுரம் என்பது தனிச்சொல், அடைப்புக்குறி முதல் எல்லாமே அதன் மதிப்பு. அப்புறம் கம்பைலர் அ அன்டிக்ளேர்ட் (அறிவிக்கப்படவில்லை) என்று, நீங்கள் அறிவிக்க வேண்டும் என்றே நினைக்காத ஒன்றைப் பற்றிப் புகார் சொல்லும். ஓர் இடைவெளிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

அடிக்கடி வருபவை

கோப்பு கிடைக்காத செய்தியைப் பார்த்தோம். கோனியோவுக்கு அடுத்தபடி எங்கள் வகுப்பில் அதிகம் வருவது ஸ்டுடியோ.எச். எஸ்டிடி ஐஓ என்பதை விரல் தானாக ஸ்டுடியோ என்று அடித்துவிடும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். விண்டோஸ் பொறுத்துக்கொண்ட பெரிய எஸ் இங்கே ஃபேட்டல். உங்கள் சொந்தக் கோப்பு என்றால் < > குறிகள் போடாமல் இரட்டை மேற்கோளில் போடுங்கள். மேற்கோள் போட்டால் முதலில் வீட்டில் தேடும், பிறகு கடைவீதிக்குப் போகும். < > போட்டால் நேராகக் கடைவீதிதான். கோப்பு வேறு அடைவில் இருந்தால் ஜிசிசி கட்டளையில் சிறு கோடும் பெரிய ஐ எழுத்தும் போட்டு அடைவின் பெயரைச் சொல்லிவிடலாம். டைரக்டரி என்பதற்கு இங்கே அடைவு என்று பொருள் என மாணவியின் அப்பாவிடமும் சொன்னேன்.

#இன்க்ளூட் எக்ஸ்பெக்ட்ஸ் ஃபைல்நேம் என்று வந்தால், பெயர் சரியாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். வாட்ஸ்ஆப்பிலோ வேர்ட் கோப்பிலோ வந்த நிரலை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அங்கே நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். கண்ணுக்கு அழகு, பிரீபிராசசருக்குக் குப்பை. அழித்துவிட்டு விசைப்பலகையில் திரும்ப அடியுங்கள். அதே வளைந்த மேற்கோள் நிரலின் நடுவில் இருந்தால் ஸ்ட்ரே என்ற சொல்லும் 342 என்ற எண்ணும் வரும். ஸ்ட்ரே என்றால் வழி தவறி வந்தது.

அன்டெர்மினேட்டட் என்றால் முடிக்கப்படாதது. #இஃப்டெஃப் ஒரு நிபந்தனையைத் திறக்கும், #என்டிஃப் அதை மூடும். அன்டெர்மினேட்டட் #இஃப்டெஃப் என்ற செய்தி, நீங்கள் திறந்த வரியைக் காட்டும். #என்டிஃப் எங்கே வைக்க மறந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது, அதை நீங்கள்தான் தேட வேண்டும். அன்டெர்மினேட்டட் ஆர்க்யுமென்ட் லிஸ்ட் என்பது இதற்கு நேர் எதிர். மேக்ரோவை அழைக்கும்போது மூடும் அடைப்புக்குறியை விட்டுவிட்டால், அதைத் தேடிக்கொண்டே கீழே இருக்கும் வரிகளையெல்லாம் விழுங்கும். கோப்பு தீர்ந்த பிறகுதான் கத்தும். அதனால் விலாசம் பெரும்பாலும் கடைசி வரியைக் காட்டும், தவறோ எங்கோ மேலே இருக்கும். செய்தியில் மேக்ரோவின் பெயர் இருக்கும். வரி எண்ணை விட்டுவிட்டு அந்தப் பெயரைத் தேடுங்கள்.

இன்வேலிட் பிரீபிராசசிங் டைரக்டிவ் என்றால் # குறிக்குப் பின் எழுதிய சொல் தப்பு, பெரும்பாலும் எழுத்துப்பிழை. புதிய ஜிசிசி இதைத்தான் சொல்ல வந்தீர்களா என்று கேட்கவும் செய்கிறது. ரிக்வயர்ஸ் 2 ஆர்க்யுமென்ட்ஸ், பட் ஒன்லி 1 கிவன் என்பது விளக்கமே தேவையில்லாதது.

ரீடிஃபைன்ட் என்ற எச்சரிக்கையை எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. எங்கள் வட்டத் தலைநகர் சித்தூர். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் உண்டு. வெளியூரில் நின்றுகொண்டு சித்தூருக்கு எப்படிப் போவது என்று கேட்டால் பாலக்காட்டுப் பக்கம் அனுப்புவார்களா, வேலூர் தாண்டி அனுப்புவார்களா என்பது கேட்கும் ஆளைப் பொறுத்தது. ஒரே பெயருக்கு இரண்டு வெவ்வேறு மதிப்புகளை வைத்தால் பிரீபிராசசர் எச்சரித்துவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். முதலாவது எங்கே இருக்கிறது என்றும் கீழே காட்டும். எச்சரிக்கைதானே என்று விட்டுவிட்டால் ஒரு நாள் தப்பான ஊரில் இறங்குவீர்கள்.

மிஸ்ஸிங் பைனரி ஆபரேட்டர் பிஃபோர் டோக்கன் ( என்பது மட்டும் மிரட்டலாக ஒலிக்கும். #இஃப் வரியில் சைஸ்ஆஃப் எழுதினால் இது வரும். சைஸ்ஆஃப் சி மொழியின் சொல். பிரீபிராசசருக்கு அது ஏதோ ஒரு பெயர். தெரியாத பெயருக்குச் சுழியம் என்று மதிப்பு வைத்துக்கொண்டு, சுழியத்துக்குப் பின் அடைப்புக்குறி எப்படி வரும், நடுவே கூட்டலோ கழித்தலோ எங்கே என்று கேட்கிறது. அதன் அறிவுக்கு அது நியாயமான கேள்வி.

ஒட்டிய பிறகு பார்ப்பது

செய்தியைப் படித்தும் பிடிபடவில்லை என்றால், பிரீபிராசசர் வேலை முடித்துக் கம்பைலரிடம் தந்த உரையை நீங்களே பார்க்கலாம். ஜிசிசி என்று அடித்து, சிறு கோடு, பெரிய இ எழுத்து, பிறகு கோப்பின் பெயர். ஐந்து வரி நிரலுக்கு நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். எஸ்டிடி ஐஓ கோப்பு முழுதும் உள்ளே வந்துவிட்டது. பயப்படாமல் கடைசிக்குப் போங்கள், உங்கள் நிரல் அங்கே இருக்கும். இடையிடையே # குறியும் எண்ணும் கோப்பின் பெயருமாக வரும் வரிகள், எந்த வரி எங்கிருந்து வந்தது என்ற குறிப்புகள். தொல்லையாக இருந்தால் கட்டளையில் சிறு கோடும் பெரிய பி எழுத்தும் சேர்த்தால் மறைந்துவிடும்.

ஒரு பையன் சதுரம்(அ) என்பதை அ*அ என்று வரையறுத்திருந்தான். சதுரம்(3+2) கேட்டால் 25 வர வேண்டும், 11 வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஒட்டிய உரையைத் திறந்து காட்டினேன்: 3+2*3+2. அவனே விரல் விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு அடைப்புக்குறிகளைப் போட்டான். அதற்கு முன் நான் இரண்டு நாள் வாயால் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

செய்தியே வராதபோது

தெரியாத பெயருக்குச் சுழியம் என்று மேலே சொன்னேன். அதனால் வரும் வினையைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதில் பிரீபிராசசர் ஒன்றுமே பேசாது. இளநீர் விலை எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அதே பையன் இப்படி எழுதியிருந்தான்:

#இஃப் மாநிலம் == கேரளம்

உண்மையானால் கேரள விலை, இல்லையென்றால் தமிழ்நாட்டு விலை. பொள்ளாச்சியில் மாமா வீட்டுக் கணினியிலும் கேரள விலையே வந்தது. மாநிலம், கேரளம் என்ற இரண்டையும் வரையறுத்திருந்த கோப்பை இணைக்க அவன் மறந்திருந்தான். மாநிலம் தெரியாத பெயர், ஆகவே சுழியம். கேரளமும் தெரியாத பெயர், அதுவும் சுழியம். சுழியமும் சுழியமும் சமம், நிபந்தனை உண்மை. மாநிலம் == தமிழ்நாடு என்று எழுதியிருந்தாலும் உண்மைதான். 1956இல் பிரித்த எல்லையைப் பிரீபிராசசர் சத்தமில்லாமல் அழித்துவிட்டது.

இதைப் பேசவைக்க வழி இருக்கிறது. ஜிசிசி கட்டளையில் சிறு கோடு, பெரிய டபிள்யூ, உடனே அன்டெஃப் என்று சேர்த்து அடியுங்கள். மாநிலம் இஸ் நாட் டிஃபைன்ட், இவேல்யுவேட்ஸ் டு 0 என்று எச்சரிக்கை வரும். வழக்கமாகப் போடும் டபிள்யூ ஆல் என்ற எச்சரிக்கைத் தொகுப்பில் இது சேராது, தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு வழி, செய்தியை நீங்களே எழுதுவது. #எரர் என்று போட்டு அதன் பின்னால் எதை எழுதினாலும் பிரீபிராசசர் அதை அப்படியே திரையில் சொல்லி, நிரல் உருவாகாமல் தடுத்துவிடும். தமிழிலேயே எழுதலாம். பையனிடம் காட்டினேன். மறுநாள் அவன் நிரலின் தலையில், மாநிலம் வரையறுக்கப்படாவிட்டால் பேசும் மூன்று வரிகள் சேர்ந்திருந்தன:

#இஃப்என்டெஃப் மாநிலம்
#எரர் எந்த ஊர்க்காரன் என்று சொல்லாமல் இளநீர் விலை கேட்காதே
#என்டிஃப்